வேலூர் மலைக்கோட்டைக்கு முதல்முறை ஏறுகிறவர்களுக்கு: தண்ணீரிலிருந்து தொடங்குங்கள்

வேலூரைப் பற்றி ஊர்க்காரர்களே சொல்லிக்கொள்ளும் பழைய பேச்சு ஒன்று உண்டு. சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. இதில் ஜலகண்டேஸ்வரர் 1981-இல் கோட்டைக்குள் இருக்கும் தன் கோயிலுக்கே திரும்பி வந்துவிட்டார், பாலாறும் 2021 நவம்பரில் இரு கரையும் முட்ட ஓடி எல்லோரையும் பாலத்துக்கு வரவழைத்தது. மரம் இல்லாத மலை மட்டும் அப்படியேதான் இருக்கிறது. நாம் போகப் போவது அந்த மலைக்குத்தான்.

பழைய பேருந்து நிலையத்தில் நின்று கிழக்கே பார்த்தால் ஊருக்கு மேலே வரிசையாகப் பாறைக் குன்றுகள் தெரியும். அதன் முகட்டில் பல் போன மாதிரி அங்கங்கே உடைந்த ஒரு மதில் கோடு ஓடும். பத்து வருடம் இந்த ஊரில் வேலை பார்த்தவர்கள்கூட அதைப் பாறை என்றே நினைத்துக்கொண்டிருப்பார்கள். அது கோட்டை. ஒன்று இல்லை, மூன்று: சஜ்ரா, கோஜ்ரா, முர்த்தசா. பெயரை ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள், சாஜராவ் என்பார்கள், குஜ்ராவ் என்பார்கள், பல பேருக்கு அது வெறுமனே மலைக்கோட்டை. முதல்முறை போகிறவர்கள் சஜ்ராவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால் அவருடைய கால் வேறு, உங்கள் கால் வேறு.

நான் இதுவரை இருபது தடவைக்கு மேல் ஏறியிருக்கிறேன், புதியவர்களை அழைத்துக்கொண்டும் போயிருக்கிறேன். வந்தவர்கள் கேட்ட கேள்விகளையும் அவர்கள் பட்ட சிரமங்களையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

யாரோடு போவது

தனியாகப் போகாதீர்கள், இதில் பேச்சே இல்லை. வழியில் கைகாட்டிப் பலகை இருக்கும், டிக்கெட் கொடுக்க ஆள் இருப்பார் என்றெல்லாம் நம்பிக் கிளம்ப வேண்டாம். பாதை என்பது பாதி இடத்தில் ஆடு போன தடம், மீதி இடத்தில் பாறைமேல் கால் தேய்ந்த வெள்ளைத் தடயம். மழைக்காலம் முடிந்து புல் ஆள் உயரம் வளர்ந்துவிட்டால் போன மாதம் போன வழியே எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

ஊரில் வரலாற்று நடை ஒருங்கிணைக்கும் ஆர்வலர்கள் இருக்கிறார்கள், கல்லூரி வரலாற்றுத் துறை ஆசிரியர்கள் மாணவர்களோடு போவது உண்டு, அவர்களோடு சேர்ந்துகொள்வது முதல் வழி. அது அமையவில்லை என்றால் வேலூர் சைதாப்பேட்டைப் பக்கம் மலையடியில் குடியிருப்பவர்களில் ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொள்ளுங்கள். எனக்கு வழி காட்டியவர் ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர். முதல் நாள் என்னைப் பார்த்ததும் அவர் கேட்டது ஒரே கேள்விதான். “இன்னா தம்பி, தண்ணி எவ்ளோ எடுத்தாந்த?” ஒரு லிட்டர் பாட்டிலைக் காட்டினேன். “இது வாய் கொப்பளிக்க,” என்று சொல்லிவிட்டு, அடிவாரத்துக் கடையில் இன்னும் இரண்டு வாங்க வைத்த பிறகுதான் நடக்க ஆரம்பித்தார்.

வழி தெரிந்தவர் வேறு, வரலாறு தெரிந்தவர் வேறு என்பதையும் நினைவில் வையுங்கள். இரண்டும் ஒரே ஆளிடம் கிடைப்பது அபூர்வம். பெரியவருக்கு எந்தச் சுனையில் எந்த மாதம் வரை தண்ணீர் நிற்கும் என்று தெரியும், ஆனால் ஆண்டுக் கணக்கு கேட்டால் “ராஜா காலத்துல” என்று முடித்துவிடுவார். அதனால் கதையை நீங்கள் கொஞ்சம் படித்துக்கொண்டு போக வேண்டும், அல்லது படித்தவர் ஒருவரும் கூட்டத்தில் இருக்க வேண்டும். கூட வரும் பெரியவருக்கு அன்றைய கூலியை முன்னாலேயே பேசிக் கொடுத்துவிடுங்கள், அவருக்கும் சேர்த்துச் சாப்பாடு கட்டிக்கொள்ளுங்கள்.

ஐந்தாறு பேர் சரியான கூட்டம். அதற்கு மேல் போனால் முன்னால் போகிறவர் ஒரு பாறைக்கு அந்தப் பக்கமும் கடைசி ஆள் இந்தப் பக்கமும் ஆகிவிடுவார்கள். பெரிய குழுவாகப் போவதென்றால் வனத்துறை அலுவலகத்திலும் பக்கத்துக் காவல் நிலையத்திலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு போங்கள், அனுமதி வேண்டும் என்று சொன்னால் வாங்கிக்கொண்டு போங்கள்.

எப்போது போவது

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடு வரை. இதைத் தாண்டினால் வேலூர் வெயில் என்ன என்று உங்களுக்கே தெரியும். மே மாத அக்னி நட்சத்திரத்தில் நூறு டிகிரியைத் தாண்டுவது இங்கே செய்தியே இல்லை. அந்த வெயிலில் கருங்கல் பாறை தோசைக்கல் மாதிரி காயும், கையை ஊன்றி ஏற வேண்டிய இடத்தில் கையை வைக்கவே முடியாது. அக்டோபர், நவம்பர் மழையில் பாறை வழுக்கும், பாசி பிடித்த இடம் கண்ணுக்குத் தெரியாது. மழை பெய்து இரண்டு நாளாவது காய்ந்த பிறகு போங்கள்.

விடியற்காலை ஐந்தரைக்கு அடிவாரத்தில் இருக்க வேண்டும். ஆறு மணி வெளிச்சத்தில் நடக்க ஆரம்பித்தால், புதியவர்கள் உட்கார்ந்து எழுந்து போனாலும் ஏழரைக்குள் மேலே சேர்ந்துவிடலாம். மேலே ஒன்றரை மணி நேரம். ஒன்பது மணிக்குக் கீழே இறங்கத் தொடங்கிவிட வேண்டும், அதற்கு மேல் ஒரு போட்டோ, இன்னொரு போட்டோ என்று நிற்பவர்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். சூரியன் மறைவதை மலைமேலிருந்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் உண்டு. பார்த்துவிட்டு இருட்டில் இறங்குவது யார்? வேண்டாம்.

பையில் என்ன இருக்க வேண்டும்

ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். கூட்டத்துக்கு ஆறு லிட்டர் என்று பொதுவாகத் தூக்குவது உதவாது, ஆளுக்கு மூன்று, அவரவர் முதுகில். மேலே சுனைகளில் தண்ணீர் நிற்கும், ஆனால் அது குடிப்பதற்கில்லை, குரங்கும் ஆடும் இறங்கும் தண்ணீர்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரு மார்ச் மாதம், என் கல்லூரி நண்பனை அழைத்துக்கொண்டு போனேன். திடகாத்திரமான ஆள், தினமும் ஓடுகிறவன். இரண்டு பேருக்கும் சேர்த்து இரண்டு லிட்டர்தான் இருந்தது. மேலே போய்ப் பேச்சு சுவாரசியத்தில் நேரம் போய்விட்டது, பத்தரை மணிக்கு இறங்கும்போது அவனுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது, அப்புறம் தலைசுற்றல், வியர்வையே நின்றுவிட்டது. பாதி மலையில் ஒதுங்க ஒரு மரம் இல்லை. ஒரு பாறையின் இடுக்கில் கையகல நிழலில் அவனை உட்கார வைத்து, சட்டையை நனைத்து மேலே போட, மிச்சமிருந்த கால் பாட்டிலும் தீர்ந்தது. அந்த வழியாக வந்த ஆட்டுக்காரப் பையன் ஒருவன் தன் பாட்டிலைக் கொடுத்து, கீழே ஓடிப்போய் இன்னும் தண்ணீர் கொண்டுவந்தான். அவன் வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் யோசிப்பேன். அன்றிலிருந்து அடிவாரத்திலேயே ஒவ்வொருவர் பையையும் திறந்து பாட்டிலை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறேன், யார் கோபித்துக்கொண்டாலும் சரி.

தண்ணீரோடு ஓ.ஆர்.எஸ் பொட்டலம் இரண்டு, அல்லது உப்பும் சர்க்கரையும் எலுமிச்சையும் கலந்த ஒரு பாட்டில். சாப்பாட்டுக்குப் புளிசாதமோ பொடி தடவிய இட்லியோ போதும், கடலை மிட்டாயும் வெள்ளரிக்காயும் வழியில் கொறிக்க. கெட்டி அடிப்பாகம் உள்ள ஷூ, முழங்கால் மூடிய பேண்ட், முழுக்கைச் சட்டை, தொப்பி அல்லது ஒரு பருத்தித் துண்டு. துண்டுதான் என் கட்சி: தலையில் கட்டலாம், நனைத்துக் கழுத்தில் போடலாம், கை வழுக்கும்போது துடைக்கலாம். ஒட்டுப்புல் பேண்டில் ஏறாத இடம் இருக்காது, நைலான் துணியாக இருந்தால் சீக்கிரம் எடுக்கலாம். இலந்தை முள் கையைக் கிழிக்கும், சின்னக் கத்தரிக்கோலும் பிளாஸ்டரும் வைத்துக்கொள்ளுங்கள். சென்ட் போட்டுக்கொண்டு வராதீர்கள், காரணம் பின்னால் சொல்கிறேன்.

முந்தின நாள் மாலை: கீழ்க்கோட்டை

இந்தப் படியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். மலைக்கோட்டையை மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். முந்தின நாள் மாலை ஒரு மணி நேரம் ஒதுக்கி வேலூர்க் கோட்டையை, குறிப்பாக அதன் அகழியை ஒருமுறை நடந்து பாருங்கள்.

இது 16-ஆம் நூற்றாண்டில் விஜயநகர ஆட்சியின் கீழ் நாயக்கர்கள் கட்டிய கோட்டை, 133 ஏக்கர். பெரிய பெரிய கருங்கல்லைச் செதுக்கி அடுக்கிய இரட்டை மதில், சுற்றிலும் அகலமான அகழி. அகழிக்குத் தண்ணீர் சூரியகுண்டம் என்ற நீர்நிலையிலிருந்து நிலத்துக்கடியில் போட்ட வாய்க்கால் வழியாக வந்தது. அகழியில் முதலைகள் விட்டிருந்தார்கள் என்று மராட்டியர் எழுதி வைத்திருக்கிறார்கள். இவ்வளவு காவலோடு சமவெளியில் உட்கார்ந்திருக்கும் கோட்டைக்கு ஒரே ஒரு பலவீனம்தான், அகழிக் கரையில் நின்று கிழக்கே தலையைத் தூக்குங்கள், உங்களுக்கே தெரிந்துவிடும். அந்த மலைமேல் இருப்பவனுக்குக் கோட்டைக்குள் யார் எங்கே போகிறார்கள் என்பது முற்றம் மாதிரித் தெரியும்.

அங்கே நின்றபடியே கோட்டை மதிலின் கல்லை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள். ஒழுங்காகச் செதுக்கிய கல், இடுக்கில் நகம் போகாது. நாளை மேலே இன்னொரு மதிலைத் தொடும்போது இந்த நினைவு தேவைப்படும்.

ஏறும்போது

முதல் அரை மணி நேரம் மெதுவாகப் போங்கள். எல்லோரும் செய்கிற தவறு, ஆரம்ப உற்சாகத்தில் வேகமாக ஏறி மூச்சு வாங்கி, நடுவில் உட்கார்ந்துவிடுவது. பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம், பேச்சு நின்றால் நிற்க வேண்டும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் கால் மணிக்கு ஒருமுறை இரண்டு வாய் குடியுங்கள்.

பாறையில் கால் வைக்கும்போது முழுப் பாதமும் பதிய வையுங்கள், நுனிக்காலில் ஏறினால் கெண்டைக்கால் பிடிக்கும். உருண்டைக் கல்லைப் பிடித்து எழாதீர்கள், அது உங்களோடு சேர்ந்து உருளும். கையை விடும் இடத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு விடுங்கள், பாறை இடுக்கும் இடிந்த மதிலின் பொந்தும் விரியன் படுக்கும் இடம். ஒரு குச்சி கையில் இருக்கட்டும், புல்லுக்குள் தட்டிக்கொண்டே நடந்தால் அது தன் வழியே போய்விடும்.

தப்பித் தவறிக் கடித்துவிட்டால் கத்தியால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் செய்யாதீர்கள். கடிபட்ட காலையோ கையையோ அசைக்காமல் வைத்து, 108-க்குப் போன் செய்து, ஆளை நடக்க விடாமல் தூக்கி இறக்குங்கள். ஆறு பேர் கூட்டமாக வரச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். வேலூரில் பெரிய மருத்துவமனைகளுக்குக் குறைவில்லை, அடிவாரம் வந்துவிட்டால் தூரம் கொஞ்சம்தான்.

குரங்கு வரும். கையில் பிளாஸ்டிக் பை தெரியாமல் இருந்தால் தொந்தரவு இல்லை.

மேலே போய் முதலில் எதைப் பார்ப்பது

மேலே போனதும் எல்லோரும் மதில் ஓரம் ஓடி ஊரைப் பார்ப்பார்கள். பாருங்கள், அதில் தப்பில்லை, நானும் பார்ப்பேன். காலை வெளிச்சத்தில் கோட்டைச் சதுரமும் அகழியும் கோயில் கோபுரமும் கையில் எடுத்து வைக்கலாம் போலச் சின்னதாகத் தெரியும், வடக்கே பாலாற்று மணல் ஒரு வெளுத்த வேட்டி மாதிரிக் கிடக்கும், அதற்கு அப்பால் காட்பாடிப் பக்கத்து மலைகள். ஆனால் கோட்டையைப் படிக்க வேண்டும் என்றால் மதிலை விட்டுவிட்டுத் தண்ணீரைத் தேடுங்கள்.

சுனை எங்கே இருக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். மலைமேல் ஒரு படை எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும் என்பதைத் தீர்மானிப்பது பீரங்கியோ மதிலோ கிடையாது, மழைநீரை எவ்வளவு பிடித்து வைத்தார்கள் என்பதுதான். சரிவான பாறை முதுகில் மழை விழுந்து ஓடி வரும் வழியைக் கண்ணால் பின்தொடர்ந்து போங்கள், அது போய்ச் சேரும் பள்ளத்தில் சுனை இருக்கும். இயற்கையான பள்ளம் எங்கே முடிகிறது, மனிதன் வெட்டியது எங்கே ஆரம்பிக்கிறது என்று பார்ப்பதில் ஒரு மணி நேரம் போவதே தெரியாது. விளிம்பில் உளி பட்ட கோடுகள் வரிசையாக இருக்கும். எனக்குப் பிடித்த இடம் ஒன்று: தண்ணீர் வற்றும் மாதத்தில் சுனையின் உள்சுவரில் வட்டம் வட்டமாகக் கறைக் கோடுகள் தெரியும், ஒவ்வொன்றும் தண்ணீர் நின்ற ஒரு மட்டம். பெரியவர் அதில் கோடு ஒன்றைக் காட்டி, “இது வந்துட்டா ஆட்ட வேற பக்கம் ஓட்டிடுவோம்,” என்றார். கோட்டையில் இருந்த தளபதியும் இப்படி ஏதோ ஒரு கறைக் கோட்டைப் பார்த்துத்தானே கவலைப்பட்டிருப்பார்.

சுனை தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக இடத்தில் உட்காரும். தண்ணீருக்குப் பக்கத்தில் ஆள் தங்கிய கட்டடம், அதற்குத் தள்ளி மேடான, ஈரம் படாத இடத்தில் தானியமும் மருந்தும் வைக்கும் கட்டடம். இங்கே மருந்து என்றால் வெடிமருந்து. ஜன்னல் இல்லாத, சுவர் அளவுக்கு மீறித் தடித்த அறையைப் பார்த்தால் அதை யோசியுங்கள்.

இப்போது மதிலுக்கு வாருங்கள். நேற்று கீழே தொட்ட கல் நினைவிருக்கிறதா? இங்கே அப்படி இருக்காது. மலையில் கிடைத்த கல்லைக் கிடைத்தபடி அடுக்கி, இடுக்கெல்லாம் சின்னக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் திணித்து எழுப்பிய சுவர், மேலே போகப் போகச் செங்கல். கீழே அரசனுக்குக் கட்டிய கோட்டை, நேரம் இருந்தது, சிற்பி இருந்தான். மேலே சண்டைக்காகக் கட்டியது, அவசரம் சுவரிலேயே தெரியும். ஆனால் அந்தச் சாந்தைக் குறைவாக நினைக்காதீர்கள். சுண்ணாம்பையும் மணலையும் சேர்த்து நாள்கணக்கில் அரைத்து, கடுக்காய் ஊறின தண்ணீரும் வெல்லமும் விட்டுப் புளிக்க வைத்துப் பூசுவது நம் ஊர் வழக்கம். முன்னூறு வருட மழைக்கும் இந்த வெயிலுக்கும் நின்றிருக்கிறது. ஒரு செங்கல்லில் விரல் பதிந்த தடம் பார்த்தேன், ஈரமாக இருக்கும்போது யாரோ எடுத்து வைத்த மூன்று விரல். என் விரலைவிடச் சின்னது. பெண்ணாக இருக்கலாம், சிறு பையனாக இருக்கலாம். அந்தச் செங்கல் எங்கே இருக்கிறது என்று எழுத மாட்டேன், பெயர்த்து எடுத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

கைப்பிடிச் சுவரில் ஓட்டைகள் இருந்தால் குனிந்து அதன் வழியாகப் பாருங்கள். சில நேராக வெளியே பார்க்கும், சில கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். தூரத்தில் வருகிறவனுக்கு ஒன்று, மதிலடிக்கு வந்துவிட்டவனுக்கு ஒன்று. அதில் கண்ணை வைத்தால், நாம் இப்போது ஏறி வந்த தடம் சரியாக அங்கேதான் தெரியும். குழந்தைகளைக் கூட்டி வந்தால் இதை முதலில் காட்டுங்கள், வேறு எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மேலே உட்கார்ந்து சொல்ல வேண்டிய கதை

நிழல் விழும் சுவர் ஓரமாக உட்கார்ந்து சாப்பிடும்போது இதைச் சொல்லுங்கள். 1677-இல் சிவாஜி தெற்கே வந்தார், செஞ்சி அவர் கைக்கு வந்தது, வேலூர் வரவில்லை. இங்கே பீஜப்பூர் சுல்தானுக்காக அப்துல்லா கான் கோட்டைக்குள் இருந்தார். அகழியைத் தாண்ட முடியாத மராட்டியர்கள் இந்த மலைகளில் ஏறி அரண் அமைத்து, இரண்டுக்கும் சஜ்ரா, கோஜ்ரா என்று பெயரும் வைத்தார்கள், இங்கிருந்து கோட்டையைத் தாக்கினார்கள். சிவாஜி ஊர் திரும்பிய பிறகும் முற்றுகை தொடர்ந்தது. ஒரு வருடத்துக்கு மேல். 1678-இல்தான் கோட்டை பணிந்தது. அந்த ஒரு வருடத்தில் ஒரு முழு வேலூர்க் கோடையும் அடக்கம். நீங்கள் மூன்று லிட்டர் தூக்கி வந்து மூன்று மணி நேரம் இருக்கிறீர்கள், அவர்கள் இந்தப் பாறையில் சித்திரை, வைகாசி கழித்தார்கள்.

நூறு வருடம் கழித்து இதே காட்சி தலைகீழாக நடந்தது. 1780-இல் ஹைதர் அலி ஆற்காட்டைப் பிடித்துவிட்டு வேலூரை வளைத்தார். இந்தத் தடவை கீழ்க்கோட்டையும் மலையும் ஒரே கையில், ஆங்கிலேயக் கம்பெனிப் படையிடம் இருந்தன. மலையைப் பிடித்தால் கோட்டை தானாக விழும் என்று ஹைதருக்கும் தெரியும், அதனால் மலைமேல் மோதினார். பிடிக்க முடியவில்லை. உள்ளே அரிசி தீரத் தீர, வெளியிலிருந்து படை வந்து தானியம் சேர்த்துவிட்டுப் போக, 1782 வரை இழுத்தது. மராட்டியருக்குக் கிடைத்த கோட்டை ஹைதருக்குக் கிடைக்காமல் போனதற்கு நான் பார்க்கும் முதல் காரணம் இந்த மலை யாரிடம் இருந்தது என்பதுதான்.

முர்த்தசா என்ற பெயரைக் கேட்டால் எனக்கு இதற்கு நடுவில் நடந்த ஒன்று ஞாபகம் வரும். 1742-இல் ஆற்காட்டு நவாப் சப்தர் அலியை, வேலூர்க் கோட்டையை வைத்திருந்த அவருடைய மைத்துனர் முர்த்தசா அலி இங்கேயே கொலை செய்வித்து, தானே நவாப் என்று அறிவித்துக்கொண்டார். படையும் ஊரும் ஏற்கவில்லை, ஆற்காட்டிலிருந்து பெண் வேடத்தில் பல்லக்கு ஏறி வேலூருக்கே திரும்பி ஓடி வந்தார்.

1806 ஜூலை 10 பற்றி நிறையப் பேருக்குத் தெரியும். தலைப்பாகையை மாற்று, நெற்றிக் குறியை அழி, தாடியை எடு, கடுக்கனைக் கழற்று என்று உத்தரவு வந்ததும் சிப்பாய்கள் எழுந்தார்கள். மலைமேல் கிழக்குப் பக்கம் போய் நின்று அந்தக் கதையைச் சொன்னால் வேறு மாதிரி இருக்கும். ஆற்காடு அந்தத் திசையில், சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். அங்கிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்ந்தது அன்றைக்குக் காலையிலேயே. கீழ்க்கோட்டையிலிருந்து பார்த்தால் கிழக்கே இந்த மலைதான் மறைத்துக்கொண்டு நிற்கும். இங்கே மட்டும் ஒரு ஆளை நிறுத்தியிருந்தால் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன், மனசு கேட்பதில்லை.

சுரங்கப்பாதைக் கதை கட்டாயம் வரும். மலையிலிருந்து கோட்டைக்கு, கோட்டையிலிருந்து விரிஞ்சிபுரத்துக்கு என்று. கேட்டுக்கொள்ளுங்கள், சொல்கிறவரை மறுத்துப் பேச வேண்டாம். அப்படி ஒன்றைக் கண்ணால் பார்த்தவர் ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. பொந்து தெரிந்தால் உள்ளே மட்டும் இறங்காதீர்கள்.

அங்கே செய்யக்கூடாதவை

மதில்மேல் ஏறி நடக்காதீர்கள், வெளியே கெட்டியாகத் தெரியும், உள்ளே சாந்து உதிர்ந்து மண்ணாக இருக்கும். இடிந்த கமான் வளைவுக்குக் கீழே உட்காராதீர்கள். பாறை முகப்பிலும் கட்டட மூலையிலும் மலைத்தேனீ கட்டும், சென்ட் வேண்டாம் என்றது அதனால்தான். புகை, சத்தம், கல் எறிவது எதுவும் கூடாது. ஒரு தேனீ முகத்தைச் சுற்றினால் கையை வீசாமல், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வந்த வழியே நகருங்கள்.

புதையல் தேடித் தோண்டிய குழிகளைப் பார்ப்பீர்கள். ஒவ்வொரு வருடமும் ஒன்றிரண்டு புதிதாகத் தெரிகிறது. சுனைக் கரையையே ஒருவர் பெயர்த்திருந்தார், அடுத்த மழையில் அந்தச் சுனையில் தண்ணீர் நிற்கவில்லை. முன்னூறு வருடம் நின்ற தண்ணீர். ஓட்டுத் துண்டு, பழைய செங்கல், இரும்பு எது கிடைத்தாலும் கிடந்த இடத்திலேயே போட்டோ எடுத்துவிட்டு விட்டுவிடுங்கள், எழுத்து ஏதாவது பொறித்த கல் கண்ணில் பட்டால் அருங்காட்சியகத்திலோ தொல்லியல் துறையிலோ போட்டோவைக் காட்டுங்கள். பெயர் எழுதாதீர்கள், யாராவது எழுதினால் தடுத்து நிறுத்துங்கள், வெட்கப்பட வேண்டாம்.

இறங்கும்போது

ஏறுவதைவிட இறங்குவதில்தான் அடிபடுகிறார்கள். முட்டி நடுங்கும், அவசரம் இருக்கும், தண்ணீர் குறைந்திருக்கும். மேலேயிருந்து கிளம்பும்போது ஆளுக்கு ஒரு லிட்டர் மிச்சம் இருக்க வேண்டும், இல்லாதவருக்கு இருக்கிறவர் பிரித்துக் கொடுத்துவிட்டுத்தான் முதல் அடி வைக்க வேண்டும். சரிவான பாறையில் உட்கார்ந்து நகர்ந்து இறங்கலாம், அதில் ஒன்றும் குறைச்சல் இல்லை, பெரியவரே சில இடத்தில் அப்படித்தான் இறங்குகிறார். வழி தெரிந்தவர் முன்னால், இரண்டாவதாக நன்றாக நடக்கிறவர் கடைசியில், தளர்ந்தவர்கள் நடுவில்.

முழங்கால் வலி உள்ளவர்கள், இதய மருந்து சாப்பிடுகிறவர்கள் பாதி வரை வந்து முதல் பெரிய பாறைத் தளத்தில் உட்கார்ந்துகொள்ளலாம், அங்கிருந்தே கோட்டை தெரியும். எட்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளை நான் மேலே கூட்டிப் போவதில்லை.

அடிவாரம் வந்ததும் காலிப் பாட்டில்களை எண்ணுங்கள். எத்தனை மேலே போனதோ அத்தனையும் கீழே வந்திருக்க வேண்டும், ஒன்று குறைந்தால் யாருடையது என்று கேளுங்கள். எங்கள் கூட்டத்தில் ஒருமுறை ஒரு பையன் ஒரு பாட்டிலுக்காகப் பாதி மலை திரும்ப ஏறினான், நானும் கூட ஏறினேன். அப்புறம் கடையில் மோர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள். கோஜ்ரா ஏற ஆசை வந்திருந்தால் பெரியவரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். அந்தப் பக்கம் முள் அதிகம், பொங்கல் கழிந்து புல் காய்ந்த பிறகு அவரே ஒரு நாள் குறித்துச் சொல்வார்.